பின்பக்கத்துச் செயின்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்து. முதல் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மாதா கோயில் மதிலை ஒட்டி ஒரு வெள்ளைக் கார் இஞ்சின் ஓடியபடி நின்றது. அதன் பானெட்டின் மேல் ஒரு பெண்ணின் வலது உள்ளங்கை விரிந்திருந்தது. முதலில் கண்ணில் பட்டது அந்தக் கைதான். மோதிரம் இல்லை, வளையல் இல்லை, நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. கார் அவருடையது அல்ல.

ஓட்டுநர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“அக்கா, என்ன செய்யிய? தோசைக்கல்லு சூடாயிட்டான்னு பாக்கியளா?”

“வண்டிய ஆஃப் பண்ணுங்க தம்பி.”

“எதுக்கு?”

“ஆஃப் பண்ணுங்க, சொல்லுதேன்.”

அவர் அணைத்தார். அந்தப் பெண் கையை உடனே எடுக்கவில்லை. இஞ்சின் முழுக்க ஓயும்வரை வைத்திருந்துவிட்டு, “செயின் போகப் போகுது. இனிமே இத ஸ்டார்ட் பண்ணாதீங்க,” என்றார்.

“செயினா? இது என்ன சைக்கிளாக்கா?”

“இஞ்சினுக்குள்ள இருக்கு. பின்பக்கம். நான்தான் அங்க வச்சேன்.”

நான் பக்கத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் என்னைப் பார்த்து, “சார், இவங்க உங்க கூட வந்தவங்களா?” என்று கேட்டார். கேட்ட தொனியில் என்மேல் இரக்கம் இருந்தது.

எங்கள் தெருக்காரர், இரண்டு வீடு தள்ளி இருக்கிறார், கார் இஞ்சின் வடிவமைத்தவர் என்றேன். மூன்றும் உண்மை. மூன்றாவதை நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் சாவியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்.

அந்தப் பெண் எங்கள் தெருவுக்கு வந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். பிறந்தது இதே தூத்துக்குடி. படிப்புக்கு வெளியே போனவர், ஒரு கார் கம்பெனியின் இஞ்சின் வடிவமைப்புப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். கம்பெனியின் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பேச்சில் பாதி ஊர், பாதி வெளியூர். வீட்டில் தனியாக இருந்தார். ஜன்னல் கட்டையில் ஒரு வெர்னியர் அளவுகோலும், பழுப்பு நிறத்தில் வளைந்த ஒரு பிளாஸ்டிக் துண்டும் கிடக்கும். அந்தத் துண்டு ஒரு சாண் நீளம். அதன் உள்பக்கத்தில் செயின் உரசிய இரண்டு கோடுகள் பள்ளமாக இருந்தன.

அவரைப் பற்றித் தெருவில் முதலில் பரவிய கதை இஞ்சின் தொடர்பானது அல்ல. ஒரு நாள் மதியம் மின்சாரம் போனது. பத்து நிமிடத்தில் அவர் எங்கள் வரிசையில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, “நான் மிக்ஸி போட்டேன், உடனே போயிருச்சு. என்னாலயா இருக்கலாம்,” என்று சொல்லிக்கொண்டு போனார். லைன்மேன் வந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார். கீழே இறங்கி அவரிடம் சொன்னார்.

“மேடம், அங்கன ஒரு காக்கா கருகிக் கெடக்கு. காக்காவயுமா நீங்க மிக்ஸில போட்டிய?”

தெரு சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “ஆனா மிக்ஸி போட்டது நான்தான்,” என்றார்.

நான் ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில் செய்தியாளராக இருந்தேன். கூட்டங்களில் உட்கார்ந்து, பதில்களை எழுதிக்கொள்வது வேலை. பாலத்தில் விரிசல் என்றால் ‘தவறு நேர்ந்துள்ளது’ என்று வரும். குழாயில் கழிவுநீர் என்றால் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று வரும். கையெழுத்துப் போட்டவர் யார் என்று கேட்டால் துறை என்பார்கள், நிர்வாகம் என்பார்கள், மேலிடம் என்பார்கள். இந்தப் பெண் கம்பெனி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ‘நான்’ என்றார். ஆரம்பத்தில் அதைத் தற்பெருமை என்று நினைத்தேன். குறைகளைப் பேசும்போது மட்டும்தான் அப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனிக்கச் சில வாரம் ஆனது.

அவர் வேலை செய்தது நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சினில். ஒரு இஞ்சின் என்று சொல்வது சரியில்லை. அது ஒரு குடும்பம். சின்னக் காருக்கு ஒன்று, பெரிய காருக்கு ஒன்று, ஒரு டர்போ வைத்தது, இரண்டு டர்போ வைத்தது என்று ஏழெட்டு உருப்படி. எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. ஒருமுறை அவரை முத்தையாபுரம் பக்கம் ஸ்கூட்டரில் அழைத்துப் போனபோது உப்பளத்தைக் காட்டி விளக்கினார்.

“அந்தப் பாத்தியெல்லாம் பாருங்க. வரப்புக்கு வரப்பு ஒரே அளவு. ஒரு தடவ வெட்டியாச்சுன்னா மாத்த மாட்டான். தண்ணி எவ்வளவு விடணும், எத்தன நாள் காய விடணும், அத மாத்தி மாத்தி வேற வேற உப்பு எடுப்பான். இஞ்சினும் அப்படித்தான். ஒரு சிலிண்டர் நடுவுக்கும் அடுத்த சிலிண்டர் நடுவுக்கும் உள்ள தூரத்த மட்டும் தொடவே முடியாது. ஃபேக்டரி மிஷின் எல்லாம் அந்தத் தூரத்துக்கு அடிச்சது. மத்தது எல்லாம் நம்ம இஷ்டம்.”

“அப்ப செயின்?”

“செயின் என் இஷ்டம்,” என்றார்.

பிறகு சொன்னார். இஞ்சினில் கீழே சுழல்வது ஒரு தண்டு. மேலே வால்வுகளைத் திறந்து மூடுவது வேறொரு தண்டு. இரண்டையும் ஒரே தாளத்தில் சேர்த்து ஓட்டுவது செயின். வழக்கமாக அது இஞ்சினின் முன்பக்கம் இருக்கும். பானெட்டைத் திறந்தால் மெக்கானிக்குக் கை எட்டும். ஆனால் வெளிநாட்டில் ஒரு விதி வந்தது. சாலையில் நடந்து போகிறவர் மீது கார் மோதி அவர் தலை பானெட்டில் அடித்தால், தகரம் குழிந்து தலையைத் தாங்க வேண்டும். தகரத்துக்குக் கீழே உடனே இரும்பு இருந்தால் மண்டை உடையும். ஆகவே இஞ்சினின் முன்பக்கம் தாழ்வாக வேண்டும். அதற்காகச் செயினைப் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கம் கொண்டுபோனார்கள். அவர் ‘கொண்டுபோனேன்’ என்றார்.

“நடக்கிறவன் தல தப்பிச்சுது. ஆனா செயினத் தொடணும்னா இஞ்சினையே வெளிய எடுக்கணும். வண்டிக்காரன் தல போச்சு.”

செயின் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டை சில வண்டிகளில் எதிர்பார்த்ததற்கு முன்பே தேய்ந்து உடைந்தது. செயின் தளர்ந்து அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, ஒரு நொடியில் இஞ்சின் பழைய இரும்பாகும். திரும்பி வந்த இஞ்சின்களைப் பற்றிக் கம்பெனியில் ஒரு கூட்டம் நடந்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘உரிமையாளர் பராமரிப்புக் குறைபாடு’ என்று ஏற்கெனவே அச்சிட்டிருந்த தாள் சுற்றுக்கு வந்தது. அவர் அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

“அப்புறம்?”

“வேற தாள் அடிச்சாங்க.”

வேலையை விட்டதற்கு அதுதான் காரணமா என்று கேட்டேன். “இல்ல. அதுக்கப்புறம் மூணு வருஷம் அங்கதான் இருந்தேன்,” என்றார்.

அந்த மூன்று வருடங்களிலும் பிறகும் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில், சிக்னலில், கடை வாசலில், அந்தக் குடும்பத்து இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டால் நின்றுவிடுவார். எந்தக் காரில் எந்த உருப்படி இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். பழைய பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு மளிகைக்கடைக்காரரின் காரை மறித்து நின்று, பானெட்டில் கையை வைத்து, “ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு, நீங்க போங்க,” என்று அனுப்பினார். கடைக்காரர் போகாமல் வண்டியை ஓரம் கட்டி, “நல்லா இருக்குன்னு சொல்லவா மறிச்சிய?” என்று கால் மணி நேரம் சண்டை போட்டார். ஏழு மாதத்தில் பதினோரு கார்கள் என்று அவரே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பன்னிரண்டாவது கோயில் மதிலருகே நின்ற வெள்ளைக் கார்.

ஓட்டுநர் பெயர் மிக்கேல். திரேஸ்புரத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். தோள்பட்டை இறங்கி வலை இழுக்க முடியாமல் போனதும், வள்ளத்தில் இருந்த பங்கை விற்று மதுரையில் இந்தப் பழைய காரை வாங்கினார். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு ஓட்டினார். பணி முடிந்து கப்பலை விட்டு இறங்கும் மாலுமிகளை மதுரை அல்லது திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டு சேர்ப்பது, புதிதாக ஏறுபவர்களை அங்கிருந்து கூட்டி வருவது. மாலுமி விமானத்தைத் தவறவிட்டால் ஏஜென்ட் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஏஜென்டுக்கு ஒரே கணக்கு: இந்த வண்டி வழியில் நிற்குமா, நிற்காதா. இரண்டு வருடமாக மிக்கேலின் வண்டி நின்றதில்லை. வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒரு நம்பிக்கையில்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவர் மூன்று மாலுமிகளை ஏற்ற வேண்டியிருந்தது.

“காலைல மொத ஸ்டார்ட்ல கரகரன்னு ஒரு சத்தம். சூடானா கொஞ்சம் அடங்குது. சரிதானே?” என்று அந்தப் பெண் கேட்டார்.

மிக்கேலின் முகத்தில் இருந்த கேலி போயிற்று. “ரெண்டு மாசமா இருக்கு.”

“ஆயில் எப்ப மாத்துனீங்க?”

“மாத்தவா? ஊத்துவோம்லா.”

அதுதான் விஷயம். வள்ளத்து இஞ்சின் ஆயிலைக் குடிக்கும். குடித்த அளவுக்குப் புதிதாக ஊற்றுவார்கள். வடித்துவிட்டு மாற்றுவது என்ற வழக்கம் கரையில் பெரும்பாலும் இல்லை. ஊற்ற ஊற்ற அது புதிதாகிக்கொண்டே இருக்கிறது என்பது கணக்கு. மிக்கேலும் இரண்டு வருடமாகக் காருக்கு அதையே செய்திருந்தார். இந்த இஞ்சினோ புகையில் ஒரு பங்கைத் திரும்பத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்வது. வெளியே காற்று சுத்தமாகும். உள்ளே கரி ஆயிலில் சேரும்.

“அப்ப தப்பு என்னுதா?” என்றார் மிக்கேல்.

“இல்ல. செயின் நான் வச்சது.”

“அக்கா, யாரு வச்சான்னு நான் கேக்கல. இன்னைக்கு மதுர போயிட்டு வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க.”

“தெரியாது.”

“தெரியாமத்தான் நிப்பாட்டச் சொல்லுதியளா?”

“தெரியாததுனாலதான் சொல்லுதேன். இன்னைக்கும் அறுந்து போகலாம், ஆறு மாசம் கழிச்சும் அறுந்து போகலாம். நூறுல போகும்போது அறுந்தா பின்னாடி வர்ற லாரிக்கு அது தெரியாது.”

மிக்கேல் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். பிறகு ஏஜென்டுக்கு ஃபோன் செய்தார். இஞ்சினில் கோளாறு, பெரிய இஞ்சினியர் ஒருத்தர் ஓட்டக் கூடாது என்கிறார், வேறு வண்டியை அனுப்புங்கள் என்றார். ஏஜென்ட் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. மிக்கேல் “சரி சார், சரி சார்” என்று ஐந்து முறை சொன்னார்.

காரைக் கயிறு கட்டி மூன்றாம் மைல் பகுதியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். அந்த ஒர்க்‌ஷாப்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்கள். சின்ன உடம்பு, அவசரப்படாத ஆள். அவர் முதலில் சொன்னது இது:

“மேடம், எறக்குறதுக்கு முன்னாடி முன்பக்க பெல்ட்ட கழட்டிட்டு ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுருவோமே. சத்தம் எங்கன இருந்து வருதுன்னு பாத்துக்கிடலாம்.”

“வேண்டாம் அண்ணாச்சி. அந்த ஒரு தடவைல அறுந்துட்டா?”

அண்ணாச்சி மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணவில்லை.

இஞ்சின் வெளியே வர நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் காலையில் டவுன் பஸ் பிடித்து வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் போனார். கழற்றிய நட்டுகளைப் பழைய மக்ரூன் டப்பாக்களில் பிரித்துப் போட்டு, டப்பாவின் மேல் எழுதி வைத்தார். மிக்கேலும் தினமும் வந்தார். இரண்டாம் நாள் ஏஜென்சியில் இருந்து ஃபோன் வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை.

நான்காம் நாள் பிற்பகல் பின்பக்க மூடியைத் திறந்தார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

பிளாஸ்டிக் பட்டைகள் முழுசாக இருந்தன. அவர் வெர்னியரை எடுத்தார். செயினை இறுக்கிப் பிடிக்கும் சின்ன உருளை எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்று அளந்தார். துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். மூன்றாம் முறை அண்ணாச்சியை அளக்கச் சொன்னார். மூன்று முறையும் ஒரே எண்.

“தேயல,” என்றார். “செயின் நல்லா இருக்கு.”

அண்ணாச்சி எழுந்து இஞ்சினின் முன்பக்கம் போனார். தண்டின் முனையில் பெல்ட் ஓடும் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டினார். அதன் வெளிவளையம் உள்வளையத்தை விட்டுத் தனியாக ஆடியது. நடுவில் இருந்த ரப்பர் வெடித்துப் பிரிந்திருந்தது. கரகரவென்ற அதே சத்தம், கையால் ஆட்டும்போதே கேட்டது.

“இதத்தான் கேட்டிய,” என்றார் அண்ணாச்சி. “இதுக்கு இஞ்சின எறக்க வேண்டாம். வீல கழட்டுனா போதும். அர நாளு வேல.”

மிக்கேல் ஒரு ஸ்பேனரைக் கீழே வைத்தார். போடவில்லை, வைத்தார். “நாலு நாளு,” என்றார்.

அந்தப் பெண் நாற்காலியில் இருந்து எழுந்து அவருக்கு எதிரே நின்றார். “நான் தப்பா சொன்னேன் மிக்கேல். நான் வச்ச சாமான் கெட்டுப்போச்சுன்னுதான் என் காதுல விழுந்துச்சு. பெல்ட்ட கழட்டிப் பாக்கலாம்னு அண்ணாச்சி சொன்னாரு. நான்தான் விடல.”

“நீங்க வச்சதுன்னா கெட்டுத்தான் போகணுமாக்கா?” என்று மிக்கேல் கேட்டார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

அதற்குள் அண்ணாச்சி அடியில் இருந்த ஆயில் தொட்டியைக் கழற்றியிருந்தார். உள்ளே ஆயில் இல்லை. கருப்பு அல்வா இருந்தது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள சல்லடை முக்கால் பங்கு அடைத்திருந்தது. விரலால் வழித்துக் காட்டினார்.

“இந்தா பாருங்க. இது இன்னும் கொஞ்சம் அடைச்சிருந்தா இஞ்சின் வெந்திருக்கும். எப்படியோ, எறக்குனது நல்லதாப் போச்சு.”

மிக்கேலுக்கு மூச்சு வந்தது. “அப்ப அக்கா நிப்பாட்டச் சொன்னது சரிதான?”

“இல்ல,” என்றார் அவர். “நான் சொன்னது செயின். சல்லடையப் பத்தி எனக்குத் தெரியாது.”

“அடைச்சிருக்குல்லா!”

“அடைச்சிருக்கு. ஆனா நான் அத சொல்லல.”

“சல்லடையயும் நீங்கதான வச்சிய மேடம்?” என்று அண்ணாச்சி கேட்டார். கிண்டல்தான்.

“இல்ல அண்ணாச்சி. அது வேற ஆளு.”

இவ்வளவு தூரம் திறந்தாகிவிட்டது, செயினையும் புதிதாக மாற்றிவிடலாமா என்ற பேச்சு வந்தது. சாமான் வெளியூரில் இருந்து வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் அண்ணாச்சி. மிக்கேல் அந்தப் பெண்ணைக் கேட்டார். அவர், அளவு வரம்புக்குள் இருக்கிறது, மாற்று என்றும் சொல்ல மாட்டேன், மாற்றாதே என்றும் சொல்ல மாட்டேன் என்றார். “ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்கக்கா,” என்ற மிக்கேல், கடைசியில் பழைய செயினையே பூட்டச் சொன்னார். புதுப் புல்லி, புது ஆயில், கழுவிய சல்லடை. இஞ்சினை மறுபடி ஏற்றி வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்தபோது ஒன்பது நாள் முடிந்திருந்தது.

அந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று பின்னால் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. பழியை அவர் எடுத்துக்கொண்ட வேகம் மரியாதைக்குரியது. அந்த வேகத்தில்தான் அவர் காது கெட்டது. கூட்டத்தில் அடித்த அந்தத் தாளுக்குப் பிறகு அவருக்கு எல்லாச் சத்தமும் பின்பக்கத்தில் இருந்தே வந்திருக்க வேண்டும். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அடுத்த வருடம் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கை இருந்த நாகர்கோவிலுக்குப் போய்விட்டார். ஜன்னல் கட்டையில் இருந்த பிளாஸ்டிக் துண்டை எடுத்துக்கொண்டு போனாரா என்று தெரியாது.

கார் நின்றதில் இருந்து பத்தாம் நாள் மிக்கேல் ஏஜென்சிக்குப் போனார். ஏஜென்ட் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வண்டி ஆபத்து என்று சொந்தக்காரரே நிறுத்தியிருக்கிறார். இப்போது அதே வண்டியில் மாலுமிகளை ஏற்றி ஏதாவது ஆனால் கப்பல் கம்பெனி கேட்கும். “ஓட்டக் கூடாதுன்னு ஒரு இஞ்சினியர் சொன்னாங்கல்லா? அவங்களே ஓட்டலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நாளன்னைக்குள்ள வேணும்வே. அதுக்கு மேல நான் வேற வண்டியப் போட்டுருவேன்.”

மிக்கேல் நேராக எங்கள் தெருவுக்கு வந்தார். அந்தப் பெண் உடனே எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். செயின் தேய்ந்துவிட்டது என்று தான் சொன்னது தவறு என்பது முதல் வாக்கியம். தன் சொல்லால் வண்டி ஒன்பது நாள் நின்றது என்பது இரண்டாவது. பிறகு என்னென்ன பழுது பார்க்கப்பட்டது என்ற விவரம். கடைசியில் மூன்று வரி: நன்றாகச் சூடான பிறகு ஆயில் அழுத்தம் எவ்வளவு நிற்கும் என்று தெரியாது; மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடினால் புதுப் புல்லி எப்படி இருக்கும் என்று தெரியாது; செயின் இன்னும் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று தெரியாது.

மிக்கேல் அதை எடுத்துப் போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“மூணு தெரியாது இருக்காம். மூணயும் எடுத்துட்டுக் கொண்டாங்காரு. எடுங்கக்கா.”

“தெரியாதே மிக்கேல்.”

“தெரியாதத எதுக்கு எழுதுறிய? ஊருல எந்த மெக்கானிக் எழுதுதான்? எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. தோளு போச்சு, வள்ளத்துல பங்கும் போச்சு. உங்களுக்கு உண்மையச் சொல்லிட்டோம்னு நிம்மதி. எனக்கு?”

நான் அந்தக் கடிதத்தை வாங்கினேன். ‘தெரியாது’ என்ற சொல்லும் இல்லாமல், பொய்யும் இல்லாமல் எழுதுவது எனக்குப் பழக்கமான வேலை. மூன்று வரியையும் எடுத்துவிட்டு, ‘சோதித்த அளவில் குறை எதுவும் காணப்படவில்லை’ என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். அவர் படித்தார்.

“நல்லா இருக்கு தம்பி. இதுல நான் எங்க இருக்கேன்?”

திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மிக்கேல் வாசலில் நின்றபடி என்னிடம், “இவங்கள வச்சுக்கிட்டு அந்தக் கம்பெனிக்காரன் எப்படித்தான் இருந்தானோ,” என்றார். அந்தப் பெண் வெளியே வந்தபோது செருப்புப் போட்டிருந்தார். கையில் நோட்டும் வெர்னியரும் இருந்தன.

“அண்ணாச்சிட்ட ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கு. கேட்டு வாங்குங்க. இப்பவே மதுர போயிட்டு வருவோம். ரெண்டு தெரியாது போயிரும்.”

மீட்டரின் குழாயை இஞ்சினில் இருந்து பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். அவர் முன்சீட்டில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டார். நான் பின்னால். எட்டயபுரம், அருப்புக்கோட்டை என்று ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் எண்ணைப் படித்து எழுதினார். விமான நிலையச் சாலையில் வண்டியைத் திருப்பி, நிற்காமல் திரும்பினோம். குறுக்குச்சாலை என்ற ஊர் அருகே நிறுத்தி, பானெட்டைத் திறந்து, அந்தப் பெண் சுடச்சுடப் புல்லியின் ரப்பரை வெர்னியரால் அளந்தார். விரல் நுனி கொப்பளித்தது. எழுதி முடித்த பிறகுதான் விரலை வாயில் வைத்தார்.

“ஏளா, கை வெந்துபோச்சு பாரு,” என்று சாலையோரத்தில் பனங்கிழங்கு விற்ற பெண் சத்தம் போட்டு, ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

மிக்கேல் அப்போது கேட்டார். “அக்கா, அந்த மூணாவது?”

“அது அளக்க முடியாது. ஓடி முடிச்சாத்தான் தெரியும்.”

புதுக் கடிதத்தில் இரண்டு வரிகளின் இடத்தில் எண்கள் இருந்தன. மூன்றாவது வரி அப்படியே இருந்தது. மறுநாள் ஏஜென்சிக்கு மூன்று பேரும் போனோம். ஏஜென்ட் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னும் ஒண்ணு இருக்கே மேடம்.”

“ஆமா.”

“அத எடுத்துட்டா என்ன?”

“எடுத்தா அந்த எடத்துல நான் ஒரு எண் போடணும். எங்கிட்ட எண் இல்ல.”

“நாளைக்கே அறுந்தா?”

“நான் தெரியாதுன்னு எழுதினதா சொல்லுங்க. கீழ என் ஃபோன் நம்பர் இருக்கு.”

ஏஜென்ட் மிக்கேலைப் பார்த்தார். “யாருவே இவங்க உனக்கு? சொந்தமா?”

“இல்ல சார்,” என்றார் மிக்கேல். கொஞ்சம் யோசித்தார். “வண்டிக்குச் சொந்தம்.”

ஏஜென்ட் சிரிக்கவில்லை. கடிதத்தில் தேதி முத்திரை குத்தினார். ஒரு கோப்பை எடுத்து, துளை போட்டு, கோர்த்தார். நாளைக் காலை ஐந்தரைக்கு வரச் சொல்லிவிட்டு அடுத்த ஃபோனை எடுத்தார்.

மறுநாள் ஐந்து இருபதுக்கு மிக்கேலின் வண்டி துறைமுக வாசலில் இருந்தது. ஏஜென்சியின் வரிசையில் அதற்கு முன்னால் நான்கு கார்கள் நின்றன. அன்று கப்பலில் இருந்து இறங்கியவர்கள் பன்னிரண்டு பேர். நான்கு கார்களும் மும்மூன்று பேராக நிறைந்து போயின; ஐந்தாவதாக நின்ற மிக்கேலின் வண்டிக்கு ஆள் மிச்சமில்லை.